அஞ்சு நிமிஷம் சும்மா உட்காருங்க

பி.பி. மெஷின் விற்கிறவளுக்குத்தான் முதலில் பி.பி. ஏறும். கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா!

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் விவேக் நகரில், மாடியில் இருந்த ஒரு சர்ஜிகல் கடையில் வேலை பார்த்தேன். வீட்டிலேயே அளந்துகொள்ளும் டிஜிட்டல் மெஷின் அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. வாங்கியவர்களில் என் உயிரை எடுத்தவர் ஜோகுபாளையம் முனிரத்தினம் சார். ஃபாக்டரி சூப்பர்வைசராக இருந்து ரிடையர் ஆனவர். பி.பி. அதிகம் என்று அவருடைய கண் ஆபரேஷனைத் தள்ளி வைத்திருந்தார்கள். வீட்டில் ஒழுங்காக அளந்து எழுதி வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒழுங்குதான் அவருக்கு ஆகாது.

ஸ்வெட்டர்

டிசம்பர் மாதக் காலை. மாடி ஏறி வந்த வேகத்தில் உட்கார்ந்து, ஸ்வெட்டர் போட்ட கையை அப்படியே நீட்டினார். பின்னால் பையையும் பிளாஸ்கையும் சுமந்தபடி, மூச்சு வாங்க அவர் மனைவி சரோஜாம்மா. "ஸ்வெட்டரைக் கழட்டிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா உட்காருங்க சார், அப்புறம் பார்க்கலாம்" என்றேன். மெஷினின் பட்டையைச் சட்டைத் துணிமேல் கட்டினாலே கணக்கு தப்பும். இவர் கம்பளியோடு வருகிறார்! எனக்கு எரிச்சல், அவருக்குக் கோபம்.

"இந்தக் குளிர்ல எனக்கு ஜுரம் வந்தா உங்க முதலாளி வந்து பார்ப்பாராம்மா? மேலயே கட்டு, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

வாய்

மறு வாரமே மெஷின் திரும்பி வந்தது. "ஓவரா காட்டுது" என்றார். வீட்டில் எப்படிப் பார்ப்பீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். பிளாஸ்க்கில் இருந்து ஒரு டம்ளர் காபி குடித்தார். கால்மேல் கால் போட்டார். பட்டை கட்டிய கையைத் தொங்கவிட்டார். பட்டை இறுக இறுக, மீட்டருக்கு மேல் கேட்ட ஆட்டோக்காரனைத் திட்டத் தொடங்கினார். காலைக் கீழே வையுங்கள், முதுகைச் சாயுங்கள், கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள், தயவுசெய்து பேசாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"பட்டை கையிலதானே மேடம் இருக்கு? வாய்ல இல்லியே!"

பேரம்

அடுத்த முறை மெஷினை மாற்றியே ஆகவேண்டும் என்று நின்றார். வீட்டில் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருப்பாராம். ஏறிக் காட்டினால் மெஷின் தப்பு. இறங்கிக் காட்டியதை மட்டும் டாக்டருக்கு எழுதிவைப்பாராம்! ஒரு நிமிஷம் விட்டு இரண்டு தடவை பாருங்கள், வந்ததை வந்தபடி எழுதுங்கள், பொய்க் கணக்கை நம்பிக் கண்ணில் கத்தி வைக்கச் சொல்வீர்களா என்று கேட்டேவிட்டேன். அவர் அசரவில்லை.

"பக்கத்துத் தெரு கடை மெஷின் பத்து பாயின்ட் கம்மியா காட்டுது. நீங்களும் அந்த அளவுக்குக் கம்மி பண்ணிக் கொடுங்க, பேஜாரு பண்ணாதீங்க."

இன்னொரு கை

மெஷின் சரி என்று நிரூபிக்க எனக்கு இன்னொரு கை தேவைப்பட்டது. சரோஜாம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். தினமும் கணவருக்குப் பட்டை கட்டிவிடுவது இவர்தான். தன் கையில் ஒருநாளும் கட்டிப் பார்த்ததில்லையாம். "எனக்கெதுக்கு சிஸ்டர்?" என்று கூச்சப்பட்டவரைப் பிடித்து உட்காரவைத்துக் கட்டினேன். திரையில் வந்த எண்ணை இரண்டு தடவை படித்தேன். கணவருக்கு ஒருநாளும் அவ்வளவு ஏறியதில்லை.

நான் வாய் திறப்பதற்குள் முனிரத்தினம் சார் முந்திக்கொண்டார். "இப்பதான் மாடி ஏறி வந்தா. அஞ்சு நிமிஷம் உட்கார வெக்காம பார்த்தா அப்படித்தான் காட்டும். பேசினே வேற இருந்தா!"

நான் கத்திய பாடம் ஒரு எழுத்து விடாமல் மனுஷனுக்கு மனப்பாடம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சரி, உங்கள் வழிக்கே வருகிறேன் என்று சரோஜாம்மாவைச் சாய்ந்து உட்காரவைத்தேன். கால் தரையில், கை மேஜைமேல். கணவரை வாயை மூடச் சொன்னேன். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி பார்த்தேன். இறங்கவே இல்லை.

கீழே இருக்கும் கிளினிக்குக்கு உடனே கூட்டிப்போங்கள் என்றேன். பையையும் பிளாஸ்கையும் முனிரத்தினம் சாரே எடுத்துக்கொண்டார். நான் பட்டையைக் கழற்றும்போது சரோஜாம்மா மெதுவாகக் கேட்டார்.

"முடிஞ்சிடுச்சா சிஸ்டர்? இன்னொரு அஞ்சு நிமிஷம் இப்படியே உட்கார்ந்துக்கட்டுமா?"

பி.பி. மெஷினைச் சரியாகக் கட்டக் கற்றுக்கொடுப்பது பெரிய வித்தையில்லை தோழர்களே, வீட்டில் சரியான ஆளுக்குக் கட்டவைப்பதற்குள்தான் நமக்கு மாத்திரை தேவைப்பட்டுவிடுகிறது.