நினைவஞ்சலிக்கு இன்பமணி எழுதிய வரி

மில்லர்புரத்தில் நானும் இன்பமணியும் கூட்டாகப் பிளெக்ஸ் கடை நடத்துகிறோம். மெஷின் என் பொறுப்பு, டிசைனும் வாசகமும் அவன் பொறுப்பு. உடன்குடிக்காரன். கருப்பட்டிக் கடையில் உட்காரச் சொன்ன அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு இங்கே வந்தவன். ஒரு வரி பிடிபடவில்லை என்றால் அந்தக் கழுதைக்குச் சோறு இறங்காது. சடங்கோ, கல்யாணமோ, சாவோ, ஜனங்கள் அவனைத் தேடித்தான் வருவார்கள். அவன் எழுதிய அஞ்சலியைப் படித்துச் சுவரில் சாய்ந்து அழுதவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

உப்பு லாரித் தகராறில் தங்கதுரையை மாசானமும் அவன் ஆட்களும் துறைமுக ரோட்டில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். முகமே அடையாளம் தெரியாத வெட்டு. முதல் வருட நினைவுநாளுக்குப் போஸ்டர் அடிக்கத் தங்கதுரையின் பெண்டாட்டி சந்தனச்செல்வி வந்தாள். புருசன் படத்துக்குக் கீழே போடச் சொல்லி இரண்டு மகன்களின் போட்டோவையும் கொடுத்தாள். "வாசகம் நீங்களே எழுதுங்க அண்ணாச்சி" என்றாள்.

"உன் பிள்ளைகள் வளர்ந்து வருகிறார்கள்" என்று இன்பமணி எழுதினான்.

"செத்தவன் மனசு பிள்ளைகள நெனச்சுத்தானலே கெடந்து அல்லாடும்? இதக் கேட்டாவது நிம்மதியாத் தூங்கட்டும்" என்று என்னிடம் சொன்னான்.

போஸ்டர் ஒட்டிய மறுநாள், ஜாமீனில் வந்திருந்த மாசானம் பட்டப்பகலில் ஆட்களோடு கடைக்குள் நுழைந்தான். ஷட்டரை இறக்கினார்கள். கத்தப் போன என் நெற்றியில் ஒருவன் கட்டையால் போட்டான். ரத்தம் கண்ணை மறைக்க மெஷின் ஓரமாக விழுந்தேன். மாசானம் இன்பமணியின் முடியைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். பல் உடைந்து தெறித்தது.

"ஏலே, அந்த வரிக்கு என்னலே அர்த்தம்?"

"ஆறுதலுக்கு எழுதுனது அண்ணாச்சி."

"பயலுவ வளந்து வந்து எங்கள வெட்டுவானுவன்னு ஊரே வாசிக்கு. ஆறுதலாம்லா."

"நான் அப்படி நெனச்சு எழுதல."

"நீ நெனச்சத எவம்லே கேட்டான்? அவ சொல்லி எழுதுனியா, நீயா எழுதுனியா? அவ சொன்னான்னா அந்தப் பயலுவள இன்னைக்கே முடிச்சிருவோம்."

இன்பமணி வாயில் நிறைந்த ரத்தத்தைத் துப்பினான். "நானாத்தான் எழுதுனேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதுனவன் சொல்லுதேன், அது ஆறுதல்தான்."

வலது கையை இழுத்து மேஜையில் வைத்து மாசானம் அருவாளை இறக்கினான். விரல்கள் கீபோர்டில் கிடந்து துடித்தன. அருவாளை இன்பமணியின் சட்டையிலேயே துடைத்துவிட்டுப் போனான், நாசமாய்ப் போகிறவன்.

ஆஸ்பத்திரிக்குச் சந்தனச்செல்வி வந்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இன்பமணிதான் அவளைத் தேற்றினான்.

"பிள்ளைகளுக்கு ஒண்ணும் வராது தாயி. ஆறுதலுக்குத்தான் எழுதுனேன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். எழுதுனவனுக்குத் தெரியாத அர்த்தமா வாசிக்கவனுக்குத் தெரிஞ்சிரும்?"

அவள் அழுகையை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் அவனுவள மாதிரிதான் வாசிச்சேன் அண்ணாச்சி. மாசானம் வீட்டுக்கு எதுத்தாப்புல ஒட்டச் சொன்னதே நாந்தான். பெரியவன் தெனமும் அந்த வரியச் சொல்லிட்டுத்தான் படுக்கான்."

இன்பமணி தலையை ஆட்டி மறுத்தான்.

"அது நான் எழுதுனது இல்ல தாயி" என்றான்.

"நீங்க எழுதுனதுதான் அண்ணாச்சி" என்றாள் அவள்.