காட்டுக்குப் போன ஐந்து பேர்

“...இடது புருவத்தில தழும்பு எண்டு எழுதியிருக்கிறீங்களாம் தம்பி. அதை ஆர் உங்களுக்குச் சொன்னது?”

கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். ஈச்சிலம்பற்றிலிருந்து பஸ் மாறி வந்த அம்மா. அதற்கு முன் நான் அவரைக் கண்டதில்லை. நான் துறைமுகப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன், கை முழுக்கக் கிறீஸ். யாருடைய தழும்பு, எந்தப் புருவம் என்று விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. என் நாவலைப் பற்றிக் கேட்கிறார்.

நாவல் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் காட்டுக்குள் விழுந்த விமானமொன்றைத் தேடி ஐந்து பேர் போகிறார்கள். ஆறு பெருகுகிறது, கரடி துரத்துகிறது, ஒருவன் மற்றவர்களின் தண்ணீரைத் திருடுகிறான். வாசிக்கிறவர் சோறு ஆறுவதையும் மறந்து பக்கம் புரட்ட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. முதல் வரி: ‘ஐந்து பேர் காட்டுக்குப் போனார்கள்.’

வினையே அந்த வரிதான். எங்கள் பக்கத்தில் ‘காட்டுக்குப் போனவன்’ என்றால் பிறகு வந்த உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் வீட்டை விட்டு இயக்கத்துக்குப் போன பிள்ளை. விறகுக்கும் தேனுக்கும் போனவனை யாரும் அப்படி நினைப்பதில்லை. இது எனக்குத் தெரியாததா? ஆனால் காட்டுக்குப் போகிறவனைக் கடலுக்குப் போனான் என்றா எழுதுவது?

“விமானம் எண்டு போட்டாலும் எங்களுக்கு விளங்கும் அண்ணை” என்று நாவலை வாசித்த ஒருவர் கண்ணடித்தார். கதையில் ஒரு சிறுத்தை வருகிறது. எங்கள் ஊர் வழக்கப்படி அதைப் புலி என்று எழுதியிருந்தேன். அதற்கும் கண்ணடிப்பு. அடுத்த பதிப்பில் சிறுத்தை என்று மாற்றினால், “பயந்திட்டீங்கள் என்ன?” என்கிறார்கள். வேறு ஊர்க்காரர் காட்டுக் கதை எழுதினால் அது காட்டுக் கதை. நாங்கள் எழுதினால் வாக்குமூலம். எங்கள் காட்டில் ஒரு கரடிகூடச் சும்மா நிற்க ஏலாது!

இதையெல்லாம் சிரித்துச் சமாளித்துவந்தேன், அந்த அம்மா வரும்வரை.

என் கதையின் ஐந்து பேரில் புருவத்தில் தழும்புள்ளவன் கடைசியில் காட்டிலேயே நின்றுவிடுகிறான். மற்ற நான்கு பேரும் திரும்புகிறார்கள். இரண்டாம் பாகத்துக்கு வசதியாக நான் செய்த ஏற்பாடு அது. இந்த அம்மாவின் மகனோ உண்மையாகவே அப்படிப் போய்த் திரும்பாதவன். கிளிவெட்டிக்காரர் ஒருவர், என் வாசகராம், கலியாண வீடொன்றில் இவரைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார்: “அக்கா, உங்கட மகன்ர கதை புத்தகமா வந்திருக்கு. ஆள் உயிரோட காட்டுக்குள்ள நிக்கிறான்.”

கலியாணச் சோற்றைக் குழைத்துக்கொண்டு ஒரு தாயிடம் சொல்கிற கதையா இது?

“அம்மா, அது முழுக்கக் கற்பனை. நான் இருந்து யோசிச்சு எழுதினது.”

“அப்ப தழும்பு?”

“அது என்ர தழும்பு. சின்னனில சைக்கிளால விழுந்தனான். இஞ்சை பாருங்கோ.”

நெற்றியைத் துணியால் துடைத்துவிட்டுக் குனிந்தேன். அவர் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

“இது வலப்பக்கம் தம்பி.”

கண்ணாடியில் பார்த்து எழுதியிருக்கிறேன். சவரம் செய்யும்போது எதிரே நிற்கிறவனுக்கு அது இடது புருவம்தானே. அதை விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே மழுப்பல் போலக் கேட்டது.

“என்ர பிள்ளைக்கு இடப்பக்கம்தான்” என்றார். “விறகு கொத்தேக்க துண்டு தெறிச்சது.”

“அந்த மனுசன்ர நம்பரைத் தாங்கோ அம்மா, நாலு கேள்வி கேக்கிறன். வாசிக்கத் தெரியாட்டி வாயை மூடிக்கொண்டிருக்கோணும்!”

“அவரை ஏசாதேங்கோ. அவர் சொல்லாட்டி இப்ப நான் இஞ்ச வந்திருப்பனோ? பதினாறு வயசில போனவன். ஒருத்தரும் அவனைப் பற்றி ஒரு கதையும் கதைக்கிறேல்லை. இவர்தான் கதைச்சவர்.”

நம்பர் எழுத எடுத்த பென்சிலைத் திரும்பக் காதில் செருகினேன்.

“அவன் எங்கையெண்டு சொல்ல உங்களுக்குப் பயமெண்டாச் சொல்லவேண்டாம்” என்றார். “புத்தகம் இருக்கோ?”

கையைத் துடைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். “சத்தியமா இதில உங்கட பிள்ளை இல்லையம்மா.”

“அதை நீங்கள் சொல்லி நான் நம்புறதோ? அவன் கதைக்கிற விதம் எனக்குத் தெரியும். ரெண்டு வசனம் கதைச்சானெண்டாக் கண்டுபிடிச்சிடுவன்.”

கதிரையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டி, வசனங்களின் மேல் விரலை ஓட்டி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.