வேலிக்கு மேலே வளர்ந்த செடி

அந்த வசந்தத்தில் அண்ணியின் சமையலறை ஜன்னல் விளிம்பில் தயிர்க் கோப்பைகள் வரிசையாக இருந்தன. தக்காளி, பச்சைமிளகாய், பூசணி என்று ஒவ்வொன்றிலும் ஒரு முளை. ஓரத்தில் இருந்த இரண்டு கோப்பைகளில் மட்டும் இலை வேறு மாதிரி இருந்தது. விரல்களை விரித்த சின்னக் கையைப்போல, ஓரமெல்லாம் மரம் அரியும் வாளின் பல்லாக. என்ன செடி என்று கேட்டேன். அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே, கீரை என்று சொல்கிற குரலில், "கஞ்சா" என்றார்.

அப்போது நான் இலண்டனில், நோர்பரியில் அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, குரோய்டனில் ஒரு காப்புறுதி அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். அண்ணன் பஸ் ஓட்டியவர். நாற்பது வயதுக்குள் நரம்பைத் தின்னும் எம்.எஸ். நோய் வந்து வேலையை விட்டார். அவருடைய கால்கள் முன்னறிவிப்பில்லாமல் மரக்கட்டைபோல விறைத்து உதறத் தொடங்கும். அண்ணி தரையில் உட்கார்ந்து அந்தக் கால்களைத் தன் மடியில் போட்டு அழுத்திப் பிடித்துக்கொள்வார். மாத்திரைகள் இருந்தன. அவை உதறலைக் குறைத்தன, கூடவே ஆளையும் குறைத்தன. நாள் முழுவதும் அரைத்தூக்கத்தில் நாக்குக் குழற இருப்பார். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் அதே நோயுள்ள ஓர் ஆங்கிலேயப் பெண் தன் தோட்டத்தில் இதை வளர்ப்பதாகச் சொல்லி, அடுத்த தடவை சில விதைகளை டிஷ்யூவில் மடித்துக் கொடுத்தாளாம்.

அண்ணியைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். பக்கத்தில் ஒருவர் சிகரெட் பற்றவைத்தால் முந்தானையால் மூக்கை மூடுகிறவர். அந்த வருடங்களில் சட்டம் கஞ்சாவைக் கொஞ்சம் இலேசான வகைக்கு இறக்கியிருந்தது. ஆனாலும் வளர்ப்பது குற்றம்தான். நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். இதை நான் நினைவூட்டியபோது அண்ணி, "காலைப் பிடிச்சுப் பாத்திட்டுச் சொல்லும்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புதிதாக வளர்க்கிறவர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதில் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அலுவலகத்துக்குப் பக்கத்து நூலகத்தில் வாசித்ததை நான் வந்து ஒப்பிப்பேன். உறைபனிக் காலம் முழுதாகப் போகும்வரை வெளியே நடக்கூடாது. நல்ல வெயில் வேண்டும். ஆண், பெண் என்று செடி இரண்டு வகை. பெண் செடியின் பூவில்தான் மருந்து இருக்கிறது. அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தக்காளிக்குச் செய்வதையே இதற்கும் செய்தார். யூலையில் ஒரு செடி ஆண் என்று தெரிந்ததும், "பிரயோசனமில்லை" என்று பிடுங்கி எறிந்தார். கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், எனக்கும் ஒருநாள் இந்தக் கதிதான் என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்துக் கன நாளாகியிருந்தது.

மிஞ்சிய ஒரு செடி பூசணிக் கொடிக்கு நடுவே எழும்பியது. ஓகஸ்டில் வேலிப் பலகையைத் தாண்டிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எஞ்சினியர். நாங்கள் அவரை அப்படித்தான் அழைத்தோம். மலேசியாவில் இருந்து படிக்க வந்து, கவுன்சிலில் பாலங்கள், வீதிகள் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். தனியாக இருந்தார். குப்பைத் தொட்டிகளை நேராக அடுக்கிவைப்பவர், எங்களுடையதையும் சேர்த்து.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் வந்தார். அண்ணி தேத்தண்ணி கொடுத்தார். எஞ்சினியர் அண்ணனுடைய உடம்பைப்பற்றி விசாரித்தார், மழையைப்பற்றிப் பேசினார். கோப்பையைக் கீழே வைத்த பிறகு, "பின்னாடி வளர்றது என்னன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அண்ணி அவருடைய கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"எங்க ஊர்ல எங்க அண்ணன இதுக்குத்தான் தூக்குல போட்டாங்க. நான் அப்ப இங்க வேலையில இருந்தேன்."

அவர் குரலில் ஏற்றமோ இறக்கமோ இருக்கவில்லை. பொலீசுக்குச் சொல்லமாட்டேன் என்றார், அந்தப் பயம் வேண்டாம் என்றார். ஆனால் பாத்திரம் கழுவ நின்றால் ஜன்னலில் அதுதான் தெரிகிறது, அதனால் இப்போது சமையலறைக்குப் போவதில்லை என்றார். அண்ணி கால்களைப்பற்றிச் சொன்னார். இந்தச் செடி வேலை செய்யுமா என்று அவர் கேட்டார். இன்னும் தெரியாது என்றார் அண்ணி. எஞ்சினியர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அண்ணி செடியை வெட்டவில்லை. துணி காயப்போடும் கொடிக்கம்பியை வேலி ஓரமாக மாற்றிக் கட்டி அதில் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டார். எஞ்சினியரின் ஜன்னலுக்குச் செடி தெரியாதபடி அன்றிலிருந்து அங்கே எப்போதும் ஒரு விரிப்புத் தொங்கியது. மழையிலும் தொங்கியது.

அண்ணனுக்கு அது போதவில்லை. அந்த மனிதர் சொன்னதைக் கேட்டதில் இருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"அதை வெட்டும். அந்தாள் அங்கால இருந்து மனம் வேகேக்க நான் இஞ்ச அதைக் குடிச்சிட்டு நித்திரை கொள்ள ஏலாது."

"உங்கட கால் இழுக்கேக்க அவரே வந்து பிடிக்கப்போறார்?" என்றார் அண்ணி.

அவர்கள் சண்டைபிடித்து நான் கண்டது அந்த ஒரு கிழமைதான். சத்தம் இல்லாத சண்டை. இருவரும் என்னோடு மட்டும் பேசினார்கள்.

அந்தக் கிழமைக் கடைசியில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. நான் வேலையில் இருந்தேன், அண்ணி கடைக்குப் போயிருந்தார். அண்ணன் ஊன்றுகோலோடு தோட்டத்துக்கு இறங்கியிருக்கிறார். கத்தரிக்கோல் கையில் இருந்ததாம். செடிக்குப் போய்ச் சேருமுன்னர் கால்கள் விறைத்து ஈரப் புல்லில் விழுந்துவிட்டார். அவர் கூப்பிட்ட சத்தம் கேட்டு எஞ்சினியர் வேலியேறிக் குதித்தார். அறுபது வயதைக் கடந்தவர். பூசணிக் கொடிக்குள் விழுந்து முழங்கை உரசிப்போயிற்று. அண்ணி திரும்பி வந்தபோது எஞ்சினியர் புல்லில் உட்கார்ந்து, அண்ணனின் இரண்டு கால்களையும் தன் மடியில் போட்டு, முழுப்பலத்தோடு அழுத்திப் பிடித்தபடி இருந்தாராம். இருவருடைய முகமும் நனைந்திருந்தது, தூறல் விழுந்துகொண்டிருந்தது என்றார் அண்ணி. அதற்குமேல் அவர் விபரிக்கவில்லை.

அண்ணனைத் தூக்கி உள்ளே விட்ட பிறகு எஞ்சினியர் வாசலில் நின்று கேட்டார்:

"எப்ப வெட்டணும்?"

அடுத்த மாதம், பூ முற்றினதும் என்றார் அண்ணி.

"அப்ப துணிய எடுத்துடுங்க. வெயில் படட்டும்."

அதன் பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இலண்டன் செப்டெம்பர் அந்தச் செடிக்கு ஆகாது. மழை விடாமல் பெய்து, பூக்களில் பாதிக்குமேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்தது. அதையெல்லாம் எறிந்தோம். மிஞ்சியதில் அண்ணனுக்குச் சில இரவுகள் கால் உதறாத நித்திரை கிடைத்தது. சில இரவுகள் தலைச்சுற்றலும் வாந்தியும்தான். அது முடிந்ததும் போதும் என்றார். அண்ணி மறுபடி விதைக்கவில்லை. பிறகு சட்டம் திரும்பவும் இறுகியது. இன்னும் பிறகு, இந்த நோய்க்காரர் சிலருக்கு அதே செடியில் இருந்து எடுத்த மருந்தை மருத்துவரே எழுதிக் கொடுக்கிற காலம் வந்தது. அதற்குள் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் எஞ்சினியரும் ஒருவர்.

செடியை வெட்டிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எஞ்சினியர் முன்வாசல் வழியாக வந்தார். அயன் பண்ணிய சட்டை போட்டிருந்தார். அண்ணி கத்தரிக்கோலை எடுத்து, நல்ல கிளைகளை ஒரு பக்கமும் பூஞ்சணம் பிடித்தவற்றை ஒரு பக்கமும் பிரித்துப் போட்டார். நான் பைக்குள் அடைத்தேன். அண்ணன் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற எஞ்சினியர், ஓர் இலையைத் தரமுடியுமா என்று அண்ணியிடம் கேட்டார்.

அண்ணி ஒரு முழு இலையைக் காம்போடு கிள்ளிக் கொடுத்தார். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மற்றக் கையின் விரலால் நடு நரம்பைத் தடவினார். முகர்ந்து பார்த்தார்.

"இத்தன வருஷத்துல நான் இத தொட்டதே இல்ல" என்றார். உள்ளங்கையை மெல்ல உயர்த்தித் தாழ்த்தி, "எடையே இல்லியே" என்றார்.

அண்ணன் தன் பக்கத்தில் இருந்த வெறும் கதிரையை அவர் பக்கமாகத் தள்ளினார். எஞ்சினியர் அதில் உட்கார்ந்தார். நாங்கள் வேலையை முடித்து மண்ணைக் கிளறி மூடும்வரை அந்த இலை அவர் கையிலேயே இருந்தது.