ஸ்பூன் சாரின் பித்தளை

பிளாஸ்டிக் ஸ்பூனைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் ஒரே இழுப்பாகப் பித்தளை வண்ணத்தைத் தீற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் ஸ்பூன் சார். ஊதமாட்டார், விசிறமாட்டார். காய்ந்ததும் ஜன்னலோரம் கொண்டுபோய் ஒரு சாய்ப்பு, விளக்கடியில் ஒரு சாய்ப்பு. அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். "குப்பியில பித்தளைன்னுதான் எழுதியிருக்கான். ஆனா இவன் செம்புக்குத் தம்பி."

கண்ணாடிக் கடையில் பிரேமுக்குள் லென்ஸ் பொருத்துவது அவருடைய பிழைப்பு. கட்டைவிரல் உயரப் பொம்மை மனிதர்களுக்கு வண்ணம் பூசுவது அவருடைய பைத்தியம். அதிலும் உலோக வண்ணங்கள் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடும். மேசையில் எப்போதும் இரண்டு டம்ளர் தண்ணீர் இருக்கும். ஒன்று மற்ற நிறங்களுக்கு, இன்னொன்று உலோக நிறங்களுக்கு மட்டும். மாற்றித் தோய்த்தால் மினுமினுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு, பொம்மையின் கன்னமெல்லாம் ஜரிகையாகிவிடும் என்பார்.

கம்பெனிக்காரர்கள் திடீரென்று ஒரு நிறத்தை நிறுத்திவிடுவார்கள். பாதிப் பொம்மைப் படைக்கு வண்ணம் பூசி முடித்தவன் மீதிப் படையை வைத்துக்கொண்டு விழிப்பான். அப்படி விழிக்கிறவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் ஸ்பூன் சாரின் வீட்டு முன்னறை. இந்தக் கம்பெனியின் பழந்தங்கத்துக்கு அந்தக் கம்பெனியில் எது ஈடு, அடியில் கறுப்புப் பூச வேண்டுமா பழுப்பா என்று தடித்த நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார். கம்பெனிப் பெயர்கள் அவர் வாயில் வராது. குப்பியின் உருவத்தை வைத்து ஒருவன் சொட்டுக்காரன், ஒருவன் மூடிக்காரன், இன்னொருவன் குண்டன். "குண்டன் வெள்ளி நல்லா போடுவான். தங்கத்துல கோட்டை விட்டுடுவான்" என்று சொந்த மாமன் மச்சானைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்வார். நோட்டின் ஒவ்வொரு வரிக்கும் சாட்சியாக ஒரு ஸ்பூன் உண்டு. இருமல் மருந்து ஊற்றக்கூட வீட்டில் ஒரு ஸ்பூன் மிச்சமில்லை என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புகார்.

போன மாதம் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வந்தார். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்திருந்தார். ட்ரம்பெட் ஊதுகிற ஆள், சிவப்புக் கோட்டு, பித்தளை வாத்தியம். அவருடைய மனைவி பூசியது. இருபது பேர் கொண்ட பேண்டு குழுவில் பதினேழு பேரை முடித்திருந்த நிலையில் அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு இப்போதுதான் ஒவ்வொரு சொல்லாகத் திரும்புகிறது. இடது கையைப் பழக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அவர் தொடுவதே இல்லை; சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். பித்தளை வண்ணக் குப்பியும் காய்ந்து கட்டியாகிவிட்டது, கம்பெனி அதை நிறுத்தியும் விட்டது. இதே பித்தளையைக் கண்டுபிடித்து மீதி மூன்று பேரையும் சாரே முடித்துக் கொடுத்துவிட்டால் அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்துவிடலாம் என்றார் மெக்கானிக். சொல்லும்போது தீப்பெட்டியைத் திறந்து திறந்து மூடினார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. சொட்டுக்காரனின் பித்தளை சிவந்துபோனது. மூடிக்காரனுடையதில் தூள் பெரிது, ரவையைத் தூவியதுபோல் இருந்தது. கடைசியில் சொட்டுக்காரனில் இரண்டு சொட்டு, குண்டனின் வெளிர்தங்கத்தில் ஒரு சொட்டு, அடியில் பழுப்பு என்று போட்டதும் ஸ்பூனுக்கும் ட்ரம்பெட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டினார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியே பூசிவிடச் சொல்லி மூன்று பொம்மைகளையும் வைத்துவிட்டுப் போனார்.

ஸ்பூன் சார் பிரஷ்ஷைக் கையில் எடுத்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"அந்த மூணு பேரையும் நீங்க முடிச்சுட்டா, அப்புறம் அந்தம்மாவுக்குன்னு என்ன இருக்கு?"

அவர் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு காலை பொம்மைகள், குப்பிகள், ஸ்பூன் எல்லாவற்றையும் டிபன் பாக்ஸில் அடுக்கிக்கொண்டு மெக்கானிக்கின் வீட்டுக்குப் போனார்.

அந்த அம்மா ஜன்னல் பக்கம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். யார் வந்தால் என்ன என்கிற முகம். ஸ்பூன் சார் ட்ரம்பெட்காரனை மேசையில் நிறுத்தி, பக்கத்தில் ஸ்பூனை வைத்து, சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். மெக்கானிக் முந்திக்கொண்டு, அச்சு அசலாக இருக்கிறதே என்றார்.

அந்த அம்மா ஸ்பூனைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். இடது கை மெல்ல எழுந்து ஸ்பூனின் காம்பைப் பிடித்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சாய்ப்பு சாய்த்தது. தலை, இல்லை என்பதுபோல் அசைந்தது.

"பச்சை," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "நான்... ஒரு சொட்டு" என்று முடித்தார்.

ஸ்பூன் சார் பூதக்கண்ணாடியை எடுத்து ட்ரம்பெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளைவின் அடியில், நிழல் விழும் இடத்தில், பாசிபோல மிக மெல்லிய பச்சை. குப்பிக்காரன் கொடுத்த நிறமே அல்ல அது. அந்த அம்மா தன் கைப்படக் கலந்தது. இருபது வருஷமாக ஸ்பூன் தீற்றுகிறவர் தோற்றுப்போய், முகமெல்லாம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியலம்மா. நீங்க சொல்லலைன்னா நான் தப்பாவே பூசியிருப்பேன்."

அந்த அம்மாவின் வண்ணப் பெட்டியிலிருந்த பச்சை மையில் ஒரு சொட்டைப் பித்தளைக் கலவையில் விட்டுக் கலக்கினார். இன்னொரு ஸ்பூன், இன்னொரு தீற்றல். காய்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த அம்மா பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார்.

இனி நீங்களே போட்டுவிடுங்கள் சார் என்று மெக்கானிக் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். ஸ்பூன் சார் அது காதில் விழாதவர்போல, பிரஷ்ஷின் நுனியை வண்ணத்தில் தோய்த்து, அந்த அம்மாவின் இடது கைப் பக்கம் காம்பு இருக்கும்படி வண்ணத் தட்டின் விளிம்பில் சாய்த்து வைத்தார். மீதி மூவரில் பெரிய குழல் வாத்தியக்காரனைப் பிடிப்புக்காக ஒரு கார்க்குத் துண்டில் செருகித் தன் விரல்களில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

நேரம் போயிற்று. பிறகு இடது கை பிரஷ்ஷை எடுத்தது. நுனி நடுங்கிக்கொண்டு காற்றில் அலைந்தது. வாத்தியத்தைத் தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது, கோட்டின் மேல் பட இருந்தது. மெக்கானிக் மனைவியின் மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினார். ஸ்பூன் சார் கண்ணாலேயே அவரை நிறுத்தினார். நடுங்குகிற பிரஷ் எங்கே போகிறதோ அங்கே, கார்க்கை மெல்ல நகர்த்தி, அந்தக் குட்டி வாத்தியத்தை அதன் நுனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.