ஜீவபுஸ்தகத்தில் மாமாவின் பெயர்

புனேயில் எங்கள் வாகட் வீட்டுப் பால்கனியில் மகளின் மழைக்கோட்டை உதறிக் காயப்போட்டேன். அந்த ஈர ரப்பர் வாசனை என்னைச் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த போபோடிக்குக் கொண்டுபோய்விட்டது.

மழைக்கால ஞாயிறுகளில் ஆராதனை முடிந்ததும் எங்கள் ஒற்றை அறைக் கதவில் மழைக்கோட்டுகள் சொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே அப்பாவும் பெரியப்பாவும் வேதாகமத்தை விரித்துவைத்து வாதாடுவார்கள். இரட்சிக்கப்படுகிறவர்களை உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் தெரிந்தெடுத்து, அவர்கள் பெயரை ஜீவபுஸ்தகத்தில் எழுதிவிட்டார் என்பார் பெரியப்பா. விசுவாசிப்பது மனுஷன் கையில்தான் இருக்கிறது என்பார் அப்பா. தட்டில் வடாபாவ் ஆறிப்போகும்.

ஒருநாள் பேச்சு அம்மாவின் தம்பி செல்லையா மாமாவிடம் வந்து நின்றது. குடியால் ஃபேக்டரி வேலையை இழந்து, பக்கத்துக் கட்கி ரயில் ஸ்டேஷனில் படுத்துக் கிடந்தார் மாமா.

"அவன் பேரு ஜீவபுஸ்தகத்துல இல்ல," என்றார் பெரியப்பா.

"அவனுக்கே மனசில்லியே," என்றார் அப்பா.

முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அத்தான், அந்தப் புஸ்தகத்த நீங்க பாத்தியளா?"

பெரியப்பா வேதாகமத்தை மூடிவைத்தார்.

"பாக்கலேல்லா? அப்போ நான் போயிக் கூப்பிடுதேன்."

மழையில் இறங்கி நடந்தாள். அப்பா குடையோடு பின்னால் ஓடினார். ஒரு மணி நேரத்தில் மாமா நடுங்கிக்கொண்டு வாசலில் நின்றார். பெரியப்பா எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

அதன் பிறகும் மாமா இரண்டு முறை குடித்துவிட்டு ஓடினார். இரண்டு முறையும் அம்மா போனாள்.

இப்போது மாமாவுக்கு எழுபது வயது. குடியை விட்டுப் பல வருஷமாகிறது. தேவன் இழுத்தாரா, நீங்களாக வந்தீர்களா என்று போன வாரம் கேட்டேன்.

"அக்கா கூப்பிட்டா, நான் எந்திச்சி வந்தேன்," என்றார். "அவள யாரு அனுப்புனாங்கன்னு எனக்குத் தெரியும்."