நடுவர் கேட்ட முதல் கேள்வி

அட்டைப்பெட்டி செய்து விற்பதால் தெருவில் அவளைப் பெட்டிக்காரி என்பார்கள். நாலு பேர் கூடிய இடத்தில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. கணவன்தான் பேசுவான். வாடகைக்கு எடுத்த வெட்டு இயந்திரம் அவன் வலக்கை விரல்களைத் தின்ற பிறகு, அவனும் பேச்சை விட்டுவிட்டான்.

பழுது இருக்கிறது என்று முன்பே சொல்லியும் வாடகைக்கு விட்ட கம்பெனி ஆள் அனுப்பவில்லை. விபத்துக்குப் பிறகு, கவனமில்லாமல் ஓட்டியது உங்கள் தப்பு, இயந்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றது. அதற்குள் பழுதைச் சரிசெய்து அவளே ஓட்டத் தொடங்கியிருந்தாள். அது போனால் அடுப்பு எரியாது. நேராகக் கோர்ட்டுக்கும் போக முடியாது. தகராறு எதுவானாலும் கம்பெனி வைக்கும் நடுவர்தான் தீர்ப்பார் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. வந்த நடுவரோ அதே கம்பெனிக்கு வருஷக்கணக்கில் வாதாடிய வக்கீல்.

கொழுந்தன் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. படித்துப் படித்துச் சொன்னான்.

"அண்ணி, போனதும் இந்தத் தாளை நீட்டுங்க. 'நீங்க கம்பெனி ஆளு, நீங்க விசாரிக்கக் கூடாது'ன்னு எழுதியிருக்கு. அதுக்கு முன்னாடி வழக்கைப் பத்தி எதுவும் பேசிடாதீங்க. பேசினா அவரை ஏத்துக்கிட்டதா ஆயிடும்."

"எனக்கெங்கப்பா பேச வரும்?"

"அந்தத் தைரியத்துலதானே அனுப்புறேன். உங்க வாயிலேர்ந்து வார்த்தையைப் புடுங்கக் குறடுல்ல வேணும்!"

நீள மேசை போட்ட குளிர் அறை. நடுவர் எழுந்து அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. வீட்டுக்காரருக்கு இப்ப கை எப்படி இருக்கு?"

அதுவரை அந்தக் கேள்வியை யாருமே அவளிடம் கேட்டதில்லை. கொழுந்தன்கூட.

"சட்டைப் பொத்தானை நான்தாங்க போட்டு விடுறேன்" என்றாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. இயந்திரம் சிக்கியது, கையைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடியது, ராத்திரியில் அவன் இல்லாத விரலைத் தடவுவது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். பக்கத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்தாள். கடைசியில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டாள். மடியிலிருந்த தாள் வியர்வையில் கசங்கிப்போயிருந்தது.

தீர்ப்பு கம்பெனி பக்கம். மேல்முறையீட்டில் நீதிபதி, "அவர்கிட்ட முழுசாப் பதில் சொல்லிட்டு, தோத்ததும் அவர் வேணாம்னா எப்படிம்மா?" என்று வழக்குக் கட்டை மூடினார்.

இயந்திரத்தை ஏற்ற வந்த ஆட்கள் தரையிலிருந்து போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்டயே நீ பேச மாட்ட" என்றான் மூலையில் படுத்திருந்த கணவன், ரொம்ப நாளைக்கப்புறம் வாய் திறந்து. "அப்படி என்னதான் கேட்டான் அந்தாளு?"

"உங்க கை எப்படி இருக்குன்னு."

அவன் அந்தக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.