தண்ணீர் விலைக்கு வாங்கும் பட்டினம்

எனக்கு இருபத்திரண்டு வயது நடந்த வருடம், எங்கள் வீட்டு வேப்பமரத்தின் கீழ் இரண்டு நகரங்கள் பின்னேரம் தவறாமல் சண்டை பிடித்தன. ஒன்று கொழும்பு, மற்றது சிங்கப்பூர். எது உலக நகரம் என்பதுதான் வழக்கு. இரண்டிலும் நான் கால் வைத்ததில்லை. எங்கள் தீவிலுள்ள இறுப்பிட்டியிலிருந்து பாலம் தாண்டி யாழ்ப்பாணம் மட்டும் பஸ்ஸில் போய் வந்ததுதான் என்னுடைய உலகம். அந்தக் காலத்தில் வானத்தில் ராணுவ ஹெலிகொப்டர் சுற்றினால் அந்த பஸ்ஸும் வராது.

கொழும்புக்கு வக்கீல் அப்பா. புறக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில் கடையை எரித்தார்கள். அகதிகளை ஏற்றிய கப்பலில் உடுத்த உடுப்போடு காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். ஆனாலும் கொழும்பை ஒரு சொல் சொல்ல விடமாட்டார். சிங்கப்பூருக்கு வக்கீல் மாமா, அம்மாவின் தமையன். அங்கே துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்று ஊரோடு வந்தவர். இரண்டு கதிரையைப் போட்டு, ஆளுக்கொரு பிளேன் ரீயோடு தொடங்கினால் பொழுதுபட்டுத்தான் எழும்புவார்கள்.

"மச்சான், அங்கை றோட்டிலை துப்பினாலே தண்டம் அடிப்பான். அவ்வளவு துப்புரவு."

"துப்பவும் விடாத ஊர் ஒரு ஊரோ? ஒரு காலத்திலை உம்மடை சிங்கப்பூர்க்காரன் கொழும்பைப் பாத்து வாயைப் பிளந்தவன், தெரியுமோ?"

இதுவரைக்கும் விளையாட்டு. வினையானது, என்னுடைய கலியாணம் அதற்குள் வந்து விழுந்தபோது. மாமா தன் பழைய கூட்டாளியின் மகனைப் பேசிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. அப்பாவுக்கு விடுமா? அவரும் தன் கூட்டாளி ஒருவரின் மகனைக் கொண்டு வந்தார். இவருக்குக் கொழும்பில், கப்பல் கம்பனிக் கந்தோர் ஒன்றில் வேலை. இரண்டு சாதகமும் பொருந்தின. மாப்பிள்ளைமார் கறுப்பா சிவப்பா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. நகரத்தை வெல்ல வைத்தால் மாப்பிள்ளை தானாக வெல்வார் என்பது இவர்களுடைய கணக்கு.

எனக்கு எந்த நகரம் என்பதில் பிடிவாதம் இல்லை. இங்கேயிருந்து கிளம்பினால் போதும். விடிய எழும்பியவுடனேயே கால் பரபரக்கும். பஸ் போகிற சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு வேலிக்குப் போவேன். பஸ்ஸில் போகிற எல்லாரிலும் எரிச்சல் வரும், ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியிலும்கூட.

ஒரு நாள் வாக்குவாதம் சூடாகி, மாமாவுக்கு வாய் தவறிவிட்டது. "உம்மடை உலக நகரம் உம்மைக் கப்பலிலை ஏத்திக் கலைச்சதை மறந்திட்டீரோ?" அப்பாவின் முகம் செத்துப்போனது. தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். அதற்குப் பிறகு தன் பிள்ளையை அந்த ஊருக்கு அனுப்ப அவருக்கே மனம் வரவில்லை; கொழும்பு மாப்பிள்ளையின் கதை முடிந்தது.

அடுத்த நாள் அப்பா பதிலோடு வந்தார். "உம்மடை சிங்கப்பூருக்குக் குடிக்கிற தண்ணி எங்கையிருந்து வருது? சொல்லும் பாப்பம்."

மாமா பொய் பேசத் தெரியாத மனிதர். "மலேசியாவிலையிருந்து குழாயிலை வருது. அவை காசு குடுத்து வாங்கினம். அதுக்கென்ன?"

குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்தார். "அண்ணை, அவைக்குச் சொந்தமாத் தண்ணி இல்லையோ?"

"மழைத்தண்ணியைத் தேக்கி வைச்சிருக்கினம். காணாது."

சரி, தொலைந்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் வீட்டையும் வயலையும் பார்க்கும் முன் கிணற்றடிக்குப் போவார்கள். கூட்டத்தில் வயதானவர் ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்ப்பார். எங்கள் கிணறு உவர். அதில் இரண்டாம் வாய் குடித்தவர் எவரும் இல்லை. குடிதண்ணீருக்கு அம்மா கலியாணம் கட்டிய நாள் முதல் அயல் வீட்டு வளவுக் கிணற்றுக்குத்தான் போனார். பிறகு நான் போனேன். ஆகவே அம்மாவின் தீர்ப்புக்கு அப்பீல் இல்லை.

"தண்ணிக்கு அடுத்தவன்ரை கையைப் பாத்திருக்கிற ஊர். அங்கை என்ரை பிள்ளை போகாது."

துறைமுகமும் மாடியும் மின்சாரமும் ஒரு பக்கம் கிடந்தன. ஒரு கிணற்றை வைத்து என் அம்மா சிங்கப்பூரைத் தள்ளிவிட்டார். அப்பாவுக்கு வெற்றி. மாமா இரண்டு கிழமையாக எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

எனக்கு உள்ளுக்குள் பற்றி எரிந்தது. அந்த நாள்களில் நானும் உலக நகரம் எது என்று யோசித்துப் பார்த்தேன். 'நீர் ஆரின்ரை மகள்?' என்று கேட்க ஆளில்லாத ஊர்தான் உலக நகரம் என்று எனக்குப் பட்டது. அயல் வளவில் குடத்தோடு நிற்கும்போது அந்த வீட்டு அக்கா கேட்காத கேள்வியில்லை. கொப்பருக்குக் கடை திரும்பக் கிடைக்குமாமோ, உமக்கு ஏன் இன்னும் ஒண்டும் சரிவரேல்லை. எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டு பதில் சொன்னால்தான் வாளி கைக்கு வரும்.

ஒரு நாள் அப்படி நின்றுவிட்டு வந்து, குடத்தை அம்மாவின் முன்னால் வைத்தேன். "இப்ப மட்டும் நான் ஆரின்ரை வளவிலை அள்ளிக்கொண்டு வாறன்? அங்கை அவை காசு குடுத்து வாங்கினம். நாங்கள் பல்லைக் காட்டி வாங்கிறம். எது மரியாதை?"

நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. அம்மா குடத்தைத் தூக்கி அடுப்படியில் வைத்தார். பிறகு, "அப்ப சிங்கப்பூருக்கே போ. கொண்ணையிட்டைச் சொல்லி மாமாவைக் கூப்பிடு" என்றார். அப்பாவும் மறுத்துப் பேசவில்லை. என் அண்ணா சைக்கிளில் போய் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சிங்கப்பூருக்கு ரெலிபோன் எடுத்து எங்கள் சம்மதத்தைச் சொல்ல மாமா யாழ்ப்பாணம் போனார். அன்று முழுக்க நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. கூட்டிய முற்றத்தையே திரும்பக் கூட்டினேன். கடைசி பஸ்ஸில் மாமா வந்தார். செருப்பைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"பெடியனுக்கு விருப்பம்தானாம். தாய்தான் ஏலாதெண்டிட்டா."

"ஏனாம்?" என்றார் அம்மா.

மாமா என்னைப் பார்க்காமல் சொன்னார். "தீவுப் பெட்டை வேண்டாமாம்."

யாழ்ப்பாணத்துத் தரைப்பக்கத்து ஆட்கள் எங்களைத் 'தீவார்' என்று ஒரு இழுவையோடு சொல்வது எங்களுக்குப் பழகிப்போனது. ஆனால் அந்தத் தாய் பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில். யாழ்ப்பாணத்தைக் கண்டதுகூட இல்லையாம். ஆனாலும் அந்த இழுவை மட்டும் கடல் தாண்டி அவவிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

அப்பா தன் பக்கம் வென்றதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப சிங்கப்பூர் என்ன, தரையோ? அதுக்கும் நாலு பக்கமும் கடல்தானே!"

முதலில் மாமா சிரித்தார். பிறகு அப்பாவும் சிரித்தார். அந்த இரண்டு மனிதரும் ஒன்றாகச் சிரித்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவையும் கேட்ட பிறகும் எனக்கு அந்த ஊர் வேண்டும் போலவே இருந்தது.